கார்னிஷ் மொழிக்கு ஒரு பொது எழுத்து வடிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு வழக்கிலிருந்து மறைந்து, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்ற கார்னிஷ் மொழியை எப்படி எழுதுவது என்பதில் அதன் ஆர்வலர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிளவுபட்டு நின்றார்கள். 2008-ஆம் ஆண்டில் அவர்களிடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பிளவின் வேர், உடன்பாட்டின் உள்ளடக்கம், அதன் பின்விளைவு ஆகியவற்றைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கார்னிஷ் ரோமன் எழுத்தில் எழுதப்படும் மொழி. ஆகவே எழுத்துக்கூட்டலைக் காட்ட வேண்டிய இடங்களில், அந்த எழுத்துகளைப் பள்ளியில் சொல்லும் பெயர்களாலேயே குறித்திருக்கிறேன்.

கார்னிஷ் எந்த நாட்டு மொழி? அதன் உறவு மொழிகள் எவை?

பிரிட்டன் தீவின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டிருக்கும் கார்ன்வால் பகுதியின் சொந்த மொழி இது. கெல்திய மொழிக் குடும்பத்தில் பிரித்தோனிக் கிளையைச் சேர்ந்தது. வேல்ஸ் நாட்டின் வெல்ஷும் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் பேசப்படும் பிரெத்தோனும் இதன் உடன்பிறப்புகள். அவற்றுள் பிரெத்தோனே மிக நெருக்கமானது. ஆங்கிலத்தின் வட்டார வழக்குகளில் ஒன்றாக இதைக் கருதுவது முழுத் தவறு. ஆங்கிலம் ஜெர்மானிய மொழி. அது கிழக்கிலிருந்து பரவப் பரவ, கார்னிஷ் மேற்கு நோக்கிச் சுருங்கிக்கொண்டே போனது.

இந்த மொழி எப்போது மறைந்தது?

ஒரே நாளில் மறையவில்லை. கார்னிஷ் மொழிக் கல்விக்கும் சமய நாடகங்களுக்கும் நாற்றங்காலாக இருந்த பென்ரின் ஊரின் கிளாஸ்னி சமயக் கல்லூரி 1548-இல் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே ஆங்கில வழிபாட்டு நூல் திணிக்கப்பட்டதை எதிர்த்துக் கார்ன்வால் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சி இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டது. வழிபாடு ஆங்கிலத்திற்கு மாறிய பின், வெல்ஷுக்கு விவிலிய மொழிபெயர்ப்பு தந்த ஊன்றுகோல் கார்னிஷுக்குக் கிட்டாமலே போயிற்று.

மௌசல் என்ற மீனவ ஊரைச் சேர்ந்த டாலி பென்ட்ரீத் 1777-இல் இறந்தார். கடைசித் தாய்மொழிப் பேச்சாளர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் அவரே. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் அதே ஊரின் வில்லியம் போடினார் என்ற மீனவர் கார்னிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சிறு கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. தம் ஊரில் கார்னிஷ் பேசக்கூடியவர் நான்கைந்து பேருக்கு மேல் இல்லை என்று அதில் அவர் குறிப்பிடுகிறார். ஆகவே கடைசி ஒருவர் இவரே என்று விரல்நீட்டுவதைவிட, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அன்றாடப் பேச்சு அற்றுப்போனது என்று சொல்வதே பொருத்தம்.

பழைய ஏடுகள் இருக்கும்போது எழுத்துக்கூட்டலில் சிக்கல் எப்படி வந்தது?

ஏடுகள் இருப்பதாலேயே வந்தது. அவை ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. 1100-ஐ ஒட்டிய இலத்தீன்–கார்னிஷ் சொற்பட்டியல் ஒரு காலத்தைக் காட்டுகிறது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ‘ஒர்டினாலியா’ நாடகங்களும், 1504-இல் எழுதிமுடிக்கப்பட்ட புனித மெரியாசெக்கின் வாழ்க்கை நாடகமும் இன்னொரு காலத்தின் மொழி. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ட்ரெகியர் மொழிபெயர்த்த சமய உரைகளும், 1611-இல் வில்லியம் ஜோர்டன் எழுதிய உலகப் படைப்பு நாடகமும் அடுத்த காலத்தைச் சேர்ந்தவை. அதற்கும் பிறகு நிக்கோலஸ் போசன், ஜான் போசன் போன்றோர் தமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்து வழக்கைக் கொண்டே கார்னிஷை எழுதினார்கள். 1700-இல் கார்ன்வாலுக்கு வந்து தங்கிய வெல்ஷ் அறிஞர் எட்வர்ட் லுயிட், காதால் கேட்டதைத் தாமே வகுத்த ஒலிக்குறிகளால் பதிந்து 1707-இல் அச்சிட்டார்.

இந்த எல்லாக் காலங்களிலும் பொதுவாக நின்ற ஓர் எழுத்து மரபு கிடையாது. ஒரே எழுத்தரே ஒரே ஏட்டில் ஒரு சொல்லை இரண்டு மூன்று விதமாக எழுதுவதும் உண்டு. மொழி உயிரோடு இருந்திருந்தால் பேச்சு நடுவராக நின்று வழக்கைத் தீர்த்திருக்கும். இங்கே பேச்சே இல்லாததால், ஏட்டிலுள்ள எழுத்து எந்த ஒலியைக் குறிக்கிறது என்பதே ஆய்வுக்குரிய கேள்வியாகிவிட்டது. எனவே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுப்பது என்பது, எந்த நூற்றாண்டின் கார்னிஷை மீட்கிறோம் என்று தேர்ந்தெடுப்பதும் ஆகும். பின்னால் வந்த எல்லாப் பூசல்களுக்கும் அடியில் இருப்பது இந்த ஒன்றே என்பது என் கருத்து.

மறுமலர்ச்சியைத் தொடங்கியவர்கள் எந்த முறையைப் பின்பற்றினார்கள்?

ஹென்றி ஜென்னர் 1904-இல் கார்னிஷ் கையேட்டை வெளியிட்டபோது, மொழி விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்று கருதிப் பிற்கால வழக்கை அடிப்படையாகக் கொண்டார். அவருக்குப் பின் வந்த ராபர்ட் மார்ட்டன் நான்ஸ் வேறு வழி கண்டார். இலக்கிய வளம் இருப்பது இடைக்கால நாடகங்களில் என்பதால் அவற்றின் எழுத்தையே ஒழுங்குபடுத்தி, 1929-இல் ‘ஒருமைக் கார்னிஷ்’ என்ற முறையை அறிமுகப்படுத்தினார். 1938-இல் அவருடைய அகராதி வெளிவந்தது. 1928-இல் நிறுவப்பட்ட ‘கோர்செத் கெர்னோ’ என்னும் பாணர் அவை வழியாகவும், வகுப்புகள் வழியாகவும் இம்முறை வேரூன்றி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு போட்டியின்றி நிலவியது. 1967-இல் அமைந்த கார்னிஷ் மொழி வாரியமும் முதலில் இதையே பயன்படுத்தியது.

நன்றாக நடந்துகொண்டிருந்ததை ஏன் கலைத்தார்கள்?

எழுத்தளவில் நன்றாக நடந்தது, பேச்சளவில் நடக்கவில்லை. நான்ஸின் காலத்தில் கார்னிஷ் பெரும்பாலும் கடிதங்களிலும் கவிதைகளிலும் சடங்குகளிலும் வாழ்ந்தது. 1970-களில் அதைப் பேச முற்பட்டவர்கள் பெருகியபோது ஒரு குறை வெளிப்பட்டது. உணவு என்ற சொல்லும் இருத்தல் என்ற சொல்லும் ஒருமைக் கார்னிஷில் பி, ஓ, எஸ் என்று ஒரே விதமாக எழுதப்பட்டன. ஆனால் பழைய நாடகங்களின் எதுகைகளை ஆராய்ந்தால் அவ்விரண்டின் உயிரொலிகளும் வெவ்வேறாக இருந்தன என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். எழுத்து ஒலியைக் காட்டாதபோது, கற்பவர் தம் ஆங்கில நாக்குக்கு ஏற்பப் படிக்கத் தொடங்கிவிடுகிறார். மறுமலர்ச்சி மொழிக்கு இது சாதாரணக் குறையன்று. திருத்துவதற்கு வீட்டில் ஒரு பாட்டி இல்லாத மொழி அது.

கெம்மின் முறை என்பது என்ன?

கடலியல் அறிஞரும் மொழியாய்வாளருமான கென் ஜார்ஜ், பிரெத்தாஞ்சில் கார்னிஷின் ஒலி வரலாற்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். இடைக்கால ஏடுகளின் எதுகைகளையும் எழுத்து மாற்றங்களையும் கணினியின் துணையோடு தொகுத்து, 1500-ஐ ஒட்டிய காலத்தின் ஒலியமைப்பு இதுதான் என்று ஒரு மீட்டுருவாக்கத்தை முன்வைத்தார். ஒவ்வோர் ஒலியனுக்கும், அதாவது பொருளை வேறுபடுத்தும் ஒவ்வோர் ஒலிக்கும், ஓர் எழுத்து அல்லது எழுத்துச் சேர்க்கை என்பதே அவர் 1986-இல் வெளியிட்ட முறையின் அடித்தளம். மொழி வாரியம் 1987-இல் அதை ஏற்றது. ‘கெர்னெவெக் கெம்மின்’, அதாவது பொதுக் கார்னிஷ் என்ற பெயரோடு அது பரவியது.

உணவு என்ற சொல் இப்போது பி, ஓ, இ, எஸ் ஆயிற்று. இருத்தல் பழையபடியே நின்றது. க என்ற ஒலிக்கு எங்கும் கே. சீழ்க்கை அடிப்பது என்ற வினையின் தொடக்கத்தில் ஏடுகளில் இருந்த டபிள்யூ, ஹெச் என்ற வரிசை, ஹெச், டபிள்யூ என்று புரண்டது. கற்பிப்பவர்களுக்கு இது பெரும் வசதி. எழுதியதைப் பார்த்தால் சொல்லைப் பிழையின்றி ஒலிக்கலாம். ஆகவே புதிதாக வந்த மாணவர்களில் பலர் இதையே கற்றார்கள். மறுமலர்ச்சி மொழியின் மிகப் பரவலான முறையாகவும் அது வளர்ந்தது.

எதிர்ப்பும் அதே வேகத்தில் எழுந்தது. எந்தக் கார்னிஷ் எழுத்தரும் எந்தக் காலத்திலும் எழுதியிராத தோற்றத்தை மொழிக்கு அணிவித்துவிட்டார்கள், பார்த்தால் பிரெத்தோன் போலிருக்கிறது என்பது முதல் குற்றச்சாட்டு. அடிப்படையான மீட்டுருவாக்கமே பிழை என்பது இரண்டாவது. உயிரொலிகளுக்குக் குறில், இடைநீளம், நெடில் என மூன்று அளவுகள் 1500 வாக்கிலும் இருந்தன என்று ஜார்ஜ் கொண்டார். அந்த வேறுபாடு அதற்கு வெகு முன்பே குலைந்துவிட்டது என்று அவரை மறுத்தவர்கள் வாதிட்டார்கள். ஒலியனுக்கு ஓர் எழுத்து என்று கட்டிய வீட்டில், ஒலியன்களே ஐயத்திற்கு உரியவை என்றால் வீடு எப்படி நிற்கும் என்பது அவர்களுடைய கேள்வி. அது நியாயமான கேள்விதான். ஆனால் எந்த மீட்டுருவாக்கமும் முழு உறுதி தர இயலாது என்பதும், அதற்காகக் கற்பித்தலை நிறுத்தி வைக்க முடியாது என்பதும் அதே அளவுக்கு நியாயம்.

மற்ற இரண்டு முறைகள் எவை?

நீண்ட காலம் கார்னிஷ் கற்பித்த ரிச்சர்ட் ஜெண்டால், 1980-களில் ஜென்னரின் எண்ணத்துக்குத் திரும்பினார். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மக்கள் பேசியதாகப் பதிவாகியிருக்கும் மொழியே இயல்பானது. இடைக்கால நாடக மொழியை மீட்பது செயற்கை என்றார். இதுவே பிற்காலக் கார்னிஷ் அணி.

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் கெல்திய மொழிகள் கற்பித்த நிக்கோலஸ் வில்லியம்ஸ், 1995-இல் கெம்மின் மீது விரிவான திறனாய்வை வெளியிட்டு, நான்ஸின் முறையையே பதினாறாம் நூற்றாண்டு உரைநடையின் துணைகொண்டு செப்பனிட்டார். திருத்திய ஒருமைக் கார்னிஷ் என்பது அது. நான்ஸின் பழைய முறையைக் கைவிடாதவர்களும் இருந்தார்கள். ஆக, நூற்றாண்டு முடியும்போது நான்கு எழுத்துமுறைகள் ஒன்றையொன்று பார்த்து நின்றன.

நான்கு முறைகள் இருந்தால் என்ன கேடு? ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றது புரியாதா?

புரியும். நான்கு அணியினரும் சந்தித்தால் தடையின்றி உரையாடினார்கள் என்பதை மறக்கக் கூடாது. கேடு வேறு இடத்தில் இருந்தது. திருத்திய ஒருமைக் கார்னிஷில் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு 2002-இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 2004-இல், மொழி வாரியம் கெம்மின் முறையில் வேறொரு புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. சில நூறு பேர் மட்டுமே சரளமாகப் படிக்கும் ஒரு மொழியில், ஆண்டுக்கணக்கான உழைப்பு இருமுறை செலவாயிற்று. புனித கெயாவின் வாழ்க்கையைச் சொல்லும் நாடக ஏடு ஒன்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் தேசிய நூலகத்தில் அடையாளம் காணப்பட்டபோதும் அதே கதை நடந்தது. கென் ஜார்ஜின் பதிப்பு 2006-இல் வந்தது. வில்லியம்ஸ் இன்னோர் அறிஞரோடு சேர்ந்து செய்த பதிப்பு 2007-இல் வந்தது. வாழ்க்கை என்ற தலைப்புச் சொல்லைக்கூட இரு பதிப்புகளும் வெவ்வேறாக எழுதின. முதலாவதில் பி-க்குப் பின் ஒய், இரண்டாவதில் இ.

பொதுவெளியில் இடர்ப்பாடு இன்னும் கூடுதல். ஒரு பள்ளி கார்னிஷ் கற்பிக்க விரும்பினால் எந்தப் பாடநூலை வாங்குவது? ஊராட்சி ஒரு தெருப் பலகையில் எதை எழுதுவது? எதை எழுதினாலும் மற்ற மூன்று அணியினரிடமிருந்தும் கண்டனக் கடிதம் வரும் என்றால், ஒன்றும் எழுதாமல் விடுவதே எளிது என்று அலுவலகங்கள் முடிவு செய்வது இயல்பு. மொழிக்குப் பணம் ஒதுக்க மனமில்லாதவர்களுக்கு இந்தப் பிளவு நல்ல சாக்காகவும் அமைந்தது.

வெறும் எழுத்துக்காக இவ்வளவு கசப்பா?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் சற்று இரக்கமின்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஊதியமின்றி, மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் உழைத்து, ஒரு மொழியைத் தம் வாழ்நாளில் கற்று, அதில் கவிதையும் பாடநூலும் எழுதியவர்கள் இவர்கள். நேற்று வரை சரியாக எழுதியது இன்று முதல் பிழை என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்துச் சொன்னால், தம் உழைப்பே செல்லாததாக்கப்படுகிறது என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. 1987-இல் நிகழ்ந்த மாற்றத்தின் ஆழமான காயம் அதுவே. கெம்மினின் தகுதியைப் பற்றி யார் என்ன நினைத்தாலும், பழைய முறையில் ஊறியவர்களின் ஒப்புதல் போதிய அளவு பெறப்படவில்லை என்ற மனக்குறை அடுத்த இருபது ஆண்டுகளையும் நஞ்சாக்கியது. பின்னர் உடன்பாட்டை வடித்தவர்கள் இந்தப் பாடத்தை நன்கு உணர்ந்திருந்தார்கள்.

அரசு எப்போது உள்ளே வந்தது?

வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தின் கீழ்க் கார்னிஷை அங்கீகரிப்பதாகப் பிரிட்டன் அரசு 2002-இல் அறிவித்தது. 2005-இல், ஆண்டுக்கு 80,000 பவுண்டு என்ற கணக்கில் மூன்று ஆண்டுகளுக்கு நடுவண் அரசின் நிதி ஒதுக்கப்பட்டது. அந்த நிதியைக் கையாளவும் மொழி வளர்ச்சித் திட்டத்தை நிறைவேற்றவும் கார்னிஷ் மொழிக் கூட்டமைப்பு உருவானது. எல்லா அணிகளும் அதில் இடம்பெற்றன. பொதுப்பணம் வந்ததும் பொது வடிவம் தவிர்க்க முடியாததாயிற்று. அரசு இந்த முறைதான் என்று எதையும் திணிக்கவில்லை. ஒரு முடிவுக்கு வாருங்கள் என்ற நெருக்கடியை அங்கீகாரமே தந்துவிட்டது.

உடன்பாடு எப்படி எட்டப்பட்டது?

உள்ளூரில் எவரும் நடுவராக முடியாது என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டதே முதல் படி. கார்ன்வாலுக்கு வெளியிலிருந்து மொழியியலாளர்களையும் சமூக மொழியியலாளர்களையும் கொண்ட தனி ஆணையம் ஒன்று 2007-இல் நான்கு முறைகளையும் ஆராய்ந்தது. அதே வேளையில் இரண்டு சமரச முன்மொழிவுகளும் வந்தன. ஒன்றை, மரபு எழுத்தை விரும்பியவர்கள் கூடி ‘கெர்னோவெக் ஸ்டாண்டர்ட்’ என்ற பெயரில் வரைந்தார்கள். மற்றொன்றை ஆல்பர்ட் பாக், பெஞ்சமின் புருச் என்ற இரு மொழியியலாளர்கள் வரைந்தார்கள்.

இருக்கும் முறைகளில் எதைத் தேர்ந்தாலும் மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று கண்ட ஆணையம், அலுவல் பயன்பாட்டுக்கும் பள்ளிக் கல்விக்கும் உரிய புதிய வடிவம் ஒன்றை எல்லா அணியினரும் சேர்ந்தே உருவாக்கட்டும் என்று பரிந்துரைத்தது. கூட்டமைப்பின் மொழியியல் பணிக்குழு அந்த வேலையை ஏற்றது. பாக்கும் புருச்சும் வரைவுக்குத் துணைநின்றார்கள். இழுபறி நேரும் இடங்களில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, நார்வே நாட்டு மொழியியலாளர் ட்ரோண்ட் ட்ரோஸ்டெருட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. இரு எழுத்து மரபுகளோடு வாழும் நாட்டிலிருந்து வந்தவர் அவர் என்பது பொருத்தமான தேர்வாக எனக்குப் படுகிறது. 2008 மே மாதத்தில் கூட்டமைப்பு வாக்கெடுத்து ‘தர எழுத்து வடிவம்’ என்ற பெயரில் அதை ஏற்றது. வாக்கெடுப்பில் ஒருமித்த குரல் இல்லை, பெரும்பான்மை இருந்தது. 2009 ஜூனில் கோர்செத் கெர்னோவும் பெருவாரியான ஆதரவுடன் அதை ஏற்றபோது, உடன்பாட்டுக்கு மக்கள் மதிப்பும் சேர்ந்தது.

தர எழுத்து வடிவம் எப்படி வேலை செய்கிறது?

அதன் நுட்பம் இரண்டு கருவிகளில் அடங்கியிருக்கிறது. முதலாவது, குடை எழுத்து. ஒரே எழுத்துச் சேர்க்கையை ஒவ்வொரு பேச்சு அணியும் தன் முறைப்படி ஒலித்துக்கொள்ளலாம். உணவு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கெம்மினின் ஓ, இ இரண்டையும் நீக்கி, பி, ஓ, ஓ, எஸ் என்று புதிய வடிவம் எழுதுகிறது. அந்த இரட்டை ஓ-வை இடைக்காலக் கார்னிஷைப் பின்பற்றுபவர் நீண்ட ஓகாரமாகவும், பிற்காலக் கார்னிஷைப் பின்பற்றுபவர் ஊகாரமாகவும் படிக்கிறார். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. இருத்தல் என்ற சொல்லோடு குழப்பமும் இல்லை.

ஒலி வேறுபாடு ஒரு குடைக்குள் அடங்காத அளவு பெரிதாக இருக்கும் இடங்களில் இரண்டாவது கருவி வருகிறது: இரு வடிவங்களும் சரி என்று ஏற்பது. தலை என்ற சொல் இடைக்கால வழக்கில் ‘பென்’. பதினாறாம் நூற்றாண்டு முதல் அழுத்தமான னகரத்திற்கு முன் ஒரு டகரம் நுழைந்து அது ‘பெட்ன்’ ஆனது. இன்றும் கார்ன்வாலின் ஊர்ப்பெயர்களில் இரண்டையும் காணலாம். பென்சான்ஸ் நகரின் பெயரில் முன்னது, பெட்ன் வௌண்டர் கடற்கரையின் பெயரில் பின்னது. எனவே இரட்டை என் எழுதினாலும், டி, என் எழுதினாலும் பிழையில்லை. வீடு என்ற சொல்லுக்கும் அப்படியே: ஒருவர் ‘ச்சீ’ என்பார், இன்னொருவர் ‘ச்செய்’ என்பார், இரண்டையும் எழுதலாம். பெரிய என்ற சொல் ‘ப்ராஸ்’ என்றும் ‘ப்ரோஸ்’ என்றும் வரும்.

இவற்றுக்கு அப்பால் இன்னொரு பிரிவும் உண்டு. இது ஒலியைப் பற்றியதன்று, தோற்றத்தைப் பற்றியது. முதன்மை வடிவம் கெம்மினைப் போலக் கே, கே-டபிள்யூ, ஹெச்-டபிள்யூ ஆகியவற்றையும், சொல்லின் இறுதியில் ஐ எழுத்தையும் பயன்படுத்துகிறது. அதன் பக்கத்தில் மரபு வடிவம் ஒன்று இருக்கிறது. அது சில இடங்களில் சி, க்யூ-டபிள்யூ, டபிள்யூ-ஹெச், இறுதியில் ஒய் என்று ஏட்டு வழக்கைக் காக்கிறது. பள்ளி என்ற சொல்லை எஸ்-க்குப் பின் கே போட்டும் எழுதலாம், சி போட்டும் எழுதலாம். மொழியின் பெயரையே ‘கெர்னெவெக்’, ‘கெர்னோவெக்’ என்று இரண்டாகவும் இந்த வடிவம் ஏற்கிறது. தன் பெயரை ஒரே விதமாக எழுத வேண்டும் என்று எவரையும் அது வற்புறுத்தவில்லை என்பது, உடன்பாட்டின் மனநிலையை நன்றாகவே காட்டுகிறது.

நடைமுறையில் அலுவல் ஆவணங்களும் பொதுப் பலகைகளும் முதன்மை வடிவில் வருகின்றன. தேர்வு எழுதும் மாணவர், தாம் தேர்ந்த வடிவத்தைக் கலக்காமல் ஒரே சீராக எழுதுவது எதிர்பார்க்கப்படுகிறது.

இத்தனை மாற்று வடிவங்களை அனுமதித்துவிட்டு அதைத் தரம் என்று எப்படி அழைப்பது?

எழுத்துச் செம்மையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்த வடிவத்தில் குறை காண்பது எளிது. கெம்மினைப் போல ஒலிக்கும் எழுத்துக்கும் நேரான பொருத்தம் இதில் இல்லை. வில்லியம்ஸின் முறையைப் போல ஏட்டு வழக்கோடு முழு இசைவும் இல்லை. அகராதியில் ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு உருவங்களைத் தர வேண்டியிருக்கிறது. தொடக்கநிலை மாணவர் இதைக் கண்டு திகைப்பது உண்மை.

ஆனாலும் நான் இதை ஆதரிக்கிறேன். இது அடிப்படையில் ஓர் அமைதி உடன்படிக்கை. நான்கு திசையில் கட்டுப்பாடின்றி விரிந்துகொண்டிருந்த வேறுபாடு, எந்தெந்தச் சொல்லில், எந்தெந்த எழுத்தில் மட்டும் அனுமதிக்கப்படும் என்று எல்லை கட்டப்பட்டது. எல்லை கட்டிய வேறுபாட்டைப் பாடநூல் தாங்கும். எல்லையற்ற வேறுபாட்டைத் தாங்காது. மேலும் இந்த வடிவம் எவருடைய சொந்த எழுத்தையும் தடைசெய்யவில்லை. கவிஞர் தமக்குப் பழகிய முறையில் எழுதலாம், பழைய நூல்களைப் பழையபடியே மறுபதிப்பு செய்யலாம். கல்விக்கும் பொதுவாழ்வுக்கும் மட்டுமே இது பொது.

இதை ஏற்காதவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். முன்மொழிவாகத் தொடங்கிய கெர்னோவெக் ஸ்டாண்டர்டை அதன் ஆதரவாளர்கள் கைவிடவில்லை. தர வடிவத்தின் குறைகளைக் களைந்த திருத்தமாகவே அதை முன்வைத்து, உயிரெழுத்துகளின் மேல் குறிகளிட்டு ஒலிப்பைத் தெளிவாக்குகிறார்கள். வில்லியம்ஸ் மொழிபெயர்த்த முழு விவிலியம் 2011-இல் அந்த முறையில் வெளிவந்தது. அளவில் அது கார்னிஷ் உரைநடையின் மிகப் பெரிய படைப்புகளுள் ஒன்று. எனவே அந்த முறையைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கெம்மினில் எழுதுவதைத் தொடர்ந்தவர்களும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், 2008-க்கு முன் இவை அரசு ஆதரவுக்கும் பள்ளிக்கும் போட்டியிட்டன. இப்போது அந்தப் போட்டி இல்லை.

வடிவத்தில் பிறகு மாற்றம் ஏதேனும் செய்யப்பட்டதா?

ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் மறுஆய்வு செய்வது என்று தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தது. அதன்படி 2013-இல் மறுஆய்வு நடந்து, சிறு திருத்தங்கள் ஏற்கப்பட்டன. அடித்தளம் மாறவில்லை.

இன்று இதற்குப் பொறுப்பு யார்?

கூட்டமைப்புக்கு வந்த நடுவண் அரசின் நிதி 2016-இல் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 150,000 பவுண்டு என்ற அந்தச் சிறு தொகையை, அதுவும் 2014-இல் கார்ன்வால் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரித்த அதே அரசு, மிச்சம் பிடித்தது வருந்தத்தக்கது. மொழிப்பணியை உள்ளாட்சி அமைப்பான கார்ன்வால் மன்றத்தின் மொழி அலுவலகம் தொடர்ந்தது. எழுத்துக்கூட்டல், அகராதி, கலைச்சொல், ஊர்ப்பெயர் ஆகியவற்றை 2015-இல் தொடங்கப்பட்ட ‘அக்காதெமி கெர்னெவெக்’ கவனிக்கிறது. புதிய தெருப் பலகைக்குப் பெயர் கேட்டு மன்றம் அணுகினால், பழைய ஆவணங்களில் அந்த இடத்தின் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, தர வடிவில் அதை எழுதித் தருவது அதன் குழுவே. தெருப் பெயர்ப் பலகைகளைப் புதுப்பிக்கும்போது இரு மொழியிலும் வைப்பது என்ற கொள்கை 2009 முதல் நடப்பில் இருக்கிறது. நான்கு முறைகள் மோதிக்கொண்டிருந்த நாளில் இப்படி ஒரு கொள்கையை எண்ணிப் பார்த்திருக்கவே முடியாது.

உடன்பாட்டால் பேசுவோர் எண்ணிக்கை கூடியதா?

2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 557 பேர் கார்னிஷைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தார்கள். அவர்களில் 465 பேர் கார்ன்வாலில் வசித்தவர்கள். 2021-இல் அந்த எண்ணிக்கை 563. இந்தக் கேள்வி முதன்மை மொழியை மட்டுமே கேட்பதால், இரண்டாம் மொழியாகப் பேசுவோரும் ஓரளவு தெரிந்தவர்களும் இதில் அடங்குவதில்லை. எழுத்துக்கூட்டல் பேச்சாளரை உருவாக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தடையாக இருந்த ஒரு காரணத்தை அது நீக்கியது, அவ்வளவே. யுனெஸ்கோ 2009-இல் கார்னிஷை அழிந்த மொழிகளின் வரிசையில் வைத்திருந்தது. எதிர்ப்பு எழுந்த பின், 2010-இல் அதைக் கடும் அழிவு நிலையில் உள்ள மொழி என்று மாற்றியது.

புதிதாகக் கற்க விரும்புபவர் எதில் தொடங்குவது?

தர எழுத்து வடிவத்தின் முதன்மை உருவில் தொடங்குவதே நல்லது. வகுப்புகளும், மொழி வாரியத்தின் தேர்வுகளும், அக்காதெமியின் இணைய அகராதியும் அதில் இருக்கின்றன. ஆசிரியர் எந்த ஒலிப்பைக் கற்பிக்கிறார் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் நிலைத்துக்கொள்ள வேண்டும். அகராதி தரும் மாற்று உருவங்களைத் தொடக்கத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

ஓரளவு தேர்ச்சி வந்த பின், மற்ற முறைகளில் அச்சான நூல்களைத் தவிர்க்கக் கூடாது என்பேன். ஒருமைக் கார்னிஷில் அரை நூற்றாண்டுக் கவிதைகளும் கதைகளும் கிடக்கின்றன. கெம்மினில் ஒரு தலைமுறையின் பாடநூல்கள் இருக்கின்றன. சி வருமிடத்தில் கே, டபிள்யூ-ஹெச் வருமிடத்தில் ஹெச்-டபிள்யூ என்று நான்கைந்து பொருத்தங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் அவை அனைத்தும் படிக்கத்தக்கவையே. ஏடுகளை மூல எழுத்தில் படிக்க விரும்புபவருக்குத் தர வடிவத்தின் மரபு உருவும், கெர்னோவெக் ஸ்டாண்டர்டும் கூடுதலாகக் கைகொடுக்கும். அங்கிருந்து மெரியாசெக் நாடகத்தின் பக்கங்களுக்குச் செல்வது எளிது.